எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

என் கடை வாசலிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் அந்தக் கல். முழங்கால் உயரம்தான். 'நான் சதுக்கத்தின் எல்லை' என்று அதில் வெட்டியிருக்கிறது. ஏதென்ஸில் கல்லுக்குக்கூட வாய் உண்டு என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் வெளியூர்க்காரன்தான். மெகாராவிலிருந்து பிழைக்க வந்து, இருபது வருஷமாக அந்தக் கல்லுக்கு வெளிப்பக்கம் உட்கார்ந்து இந்த ஊர்க்காரர்களின் முடியையும் தாடியையும் நகத்தையும் வெட்டிக்கொண்டிருக்கிறேன். கல்லுக்கு வாய் அதிகமா, எனக்கு அதிகமா என்று கேட்டால் ஊரே என்னைத்தான் கைகாட்டும். அப்படிப்பட்ட நான் மூன்று மாதம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். உப்புமீன் ஃபானியாஸின் கதையைச் சொல்வதென்றால் அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஃபானியாஸ் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன். விடிந்ததும் கருங்கடல் சூரைமீன் ஜாடிகளைத் திறந்துவைப்பான். ஒரு துண்டை எடை போட்டுவிட்டு, அடுத்த துண்டு போடுவதற்குள் பேரவையில் என்ன பேச்சு என்று கேட்டுவர ஓடுவான். திரும்பும் வழியில் வழக்குமன்ற வாசலில் நின்று இரண்டு பக்கத்துக்கும் யோசனை சொல்வான். எங்கள் பேச்சில் அகோரா என்ற ஒரு சொல் எத்தனை வேலை செய்கிறது என்று அவனைப் பார்த்தால்தான் புரியும். ஆதியில் அது கூட்டத்துக்குப் பெயர். பிறகு கூட்டம் கூடிய சதுக்கத்துக்குப் பெயர். பிறகு அங்கே விரித்த கடைக்கும் கடையிலிருந்த சரக்குக்கும் அதே பெயர். வாங்குவதற்கும் சும்மா சுற்றித் திரிவதற்கும் ஒரே வார்த்தை. பொழுதைக்கூட அதை வைத்தே சொல்வோம். வெயில் ஏறி, நிழல் சுருங்கி, தோளோடு தோள் இடிக்கும் நேரத்துக்குச் சதுக்கம் நிறைந்த வேளை என்று பெயர். அந்த வேளையில் அவனுக்கு வீட்டில் ஒரு நிமிஷம் இருப்புக் கொள்ளாது. கல்யாணத்தன்றே மாலையோடு ஓடிவந்தவன் என்று அவன் மனைவி ஹெதீலி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அவன் கடை கல்லுக்கு அந்தப் பக்கம் இருபது எட்டில் இருந்தது. என் முக்காலியில் உட்கார்ந்தால் நேரே தெரியும்.

அன்றைக்குத் துறைமுகத்திலிருந்து பெரிய ஜாடி ஒன்று வண்டியில் வந்தது. ஃபானியாஸ் கயிற்றைப் பந்தல் கழியில் சுற்றி, ஜாடியை மெல்ல இறக்கிக்கொண்டிருந்தான். பாதியில் கயிற்றைக் கழியில் முடிச்சிட்டு மூச்சு வாங்கினான். பக்கத்தில் ஆர்கிப்போஸ் நின்றான். எல்லோருடைய வேலையிலும் கை வைக்கும் நல்ல மனுஷன். உதவி செய்யாமல் அவனால் இருக்க முடியாது. சரியாக அப்போதுதான் மீன் மணி அடித்தது. புது மீன் வந்தால் எங்கள் சதுக்கத்தில் மணி அடிப்பார்கள். மணி அடித்ததும் ஏதென்ஸ்காரன் திரும்பிப் பார்க்கிற திசை ஒன்றே ஒன்றுதான். பெற்ற தாய் பேசிக்கொண்டிருந்தாலும் கழுத்து மீன் பக்கம் போய்விடும். அன்றும் எல்லாத் தலையும் திரும்பியது, பாதிக் கூட்டம் ஓடியது.

நான் திரும்பவில்லை. என் கையில் ஒருவன் காது இருந்தது. கத்தரியை அதிலிருந்து விலக்கி நிமிர்ந்தபோது பார்த்தேன். ஆர்கிப்போஸ் கழியில் இருந்த முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்தான். "தொடாதடா!" என்று ஃபானியாஸ் கத்தியது மணிச் சத்தத்தில் கரைந்துபோனது. ஜாடி ஆர்கிப்போஸின் நெஞ்சின் மேல் இறங்கியது. கூட்டம் திரும்பிப் பார்த்தபோது அவன் கீழே கிடந்தான். கயிற்றின் நுனி ஃபானியாஸின் கையில் இருந்தது.

இறந்தவனுக்கு ஒரு தம்பி, தெமோகாரெஸ். என் வாழ்க்கையும் அவன் கையில்தான் இருந்தது. வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவனுக்கு ஊர்க்காரன் ஒருவன் பொறுப்பாளியாக நிற்கவேண்டும். அப்படி ஒருவன் இல்லாமல் பிடிபட்டால் வழக்கு. வழக்கில் தோற்றால் அவனையே அடிமைச் சந்தையில் நிறுத்தி விற்றுவிடலாம். இருபது வருஷமாக எனக்குப் பொறுப்பாளி தெமோகாரெஸ்தான்.

அண்ணனைப் புதைத்த கையோடு அவன் வந்து என் முக்காலியில் உட்கார்ந்தான். துக்கத்துக்கு முடியை ஒட்ட வெட்டச் சொன்னான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீ ஏதாச்சும் பாத்தியா?" என்று கேட்டான்.

"காது வெட்டிக்கிட்டிருந்தேன்யா. அதாவது, காது கிட்ட."

"பாக்கலைல்ல?"

"பாக்கலை."

"நல்லது. அவன்தான் கயித்த விட்டான். என் அண்ணன் அவன் வாய்க் கொழுப்ப நாலு பேர் முன்னாடி கிண்டல் பண்ணினான், அந்தக் காட்டம். உப்பிட்டவன மறக்கமாட்டன்னு எனக்குத் தெரியும் மெகாரா."

அவனைப் பொய்யன் என்று சொல்ல மாட்டேன். அவன் அதை நம்பினான். பார்த்த நான் பார்க்கவில்லை என்றதால்தான் அவனால் நம்ப முடிந்தது.

எங்களுக்கு ராஜா கிடையாது. ஆனால் கொலை வழக்கைப் பார்க்கும் அதிகாரியை இன்னமும் அரசர் என்றுதான் அழைக்கிறார்கள். அந்த அரசர் முறைப்படி அறிவித்தார்: ஃபானியாஸ் கோயிலுக்குள் வரக் கூடாது, தீர்த்தத் தொட்டியைத் தொடக் கூடாது, சதுக்கத்துக்குள் கால் வைக்கக் கூடாது. மூன்று மாதம் மூன்று விசாரணை, நான்காம் மாதம் தீர்ப்பு. அதற்குள் அவன் கல்லைத் தாண்டினால் யார் வேண்டுமானாலும் பிடித்துச் சிறைக்கு இழுத்துப் போகலாம். தீர்ப்பில் தோற்றால் நாடு கடத்தல், இறந்தவனின் வீட்டார் மன்னிக்கும் வரைக்கும்.

மறுநாள் சதுக்கம் நிறைந்த வேளையில் அவன் என் கடை வாசலில் நின்றான். ரத்தக் கறை பட்டவன் கூரைக்குக் கீழே வந்தால் மற்றவர்களுக்கும் தீட்டு. ஆகவே வாசலுக்கும் கல்லுக்கும் நடுவே வெறும் வானத்தின் கீழ் ஒரு மீன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்று பேருக்குச் சொல்கிறேன். பத்து மூச்சுக்கு ஒருமுறை எழுந்து கல் வரை போவான், கட்டைவிரல் கல்லில் இடிக்கும்வரை நிற்பான், திரும்புவான், கூடையை இரண்டு விரற்கடை நகர்த்துவான், மறுபடி எழுவான். அங்கே புல் முளைக்காமல் ஒரு தடமே விழுந்துவிட்டது.

தெமோகாரெஸ் சாயங்காலம் வந்து, "உக்காரட்டும், விரட்டாத. கல்லத் தாண்டினான்னா எனக்குச் சொல்லு, போதும்" என்றான். கொக்குக்கு ஒரே மதி. எனக்குக் காவல் வேலை கிடைத்தது.

கடையை ஹெதீலி நடத்தினாள். கணக்காக வெட்டுவாள், கண்ணுக்குக் கண் பார்த்து எடை போடுவாள். ஆனால் அவளுக்குக் கூவ வராது. நாலைந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஃபானியாஸ், ஆறாம் நாள் கல்லோடு கல்லாக நின்று தொண்டையைத் திறந்தான்.

"கருங்கடல் சூரை! எலும்பு வரைக்கும் உப்பு ஏறினது! ஏய் வழுக்கை, என்ன தாண்டிப் போற? ஹெதீலி, அவருக்கு வயித்துப்பக்கம் வெட்டிக் குடு!"

"யோவ், வாய மூடு! எனக்கு வெட்டத் தெரியும்!" என்று அவள் அங்கிருந்து கத்தினாள்.

சதுக்கம் சிரித்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மீனும் வாங்கினார்கள். இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. மூன்றாம் நாள் தெமோகாரெஸ் சந்தை மேற்பார்வைக்காரரைக் கையோடு கூட்டிவந்தான்.

"இவன் சதுக்கத்துக்குள்ள இருக்கான். புடிங்க."

மேற்பார்வைக்காரர் குனிந்து பார்த்தார். "எங்கய்யா உள்ள இருக்கான்? காலு ரெண்டும் வெளியதான இருக்கு?"

"குரலு உள்ள இருக்கு."

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏதென்ஸ்காரனுக்குச் சோற்றை விட வழக்கு ருசி.

"அப்ப உப்புமீன் நாத்தம் வெளிய வந்துச்சே, அதை எந்த மன்றத்துல நிறுத்துறது?" என்றான் ஒருவன்.

"நேத்து ஒரு கழுதை வெளிய நின்னு உள்ள பாத்துக் கத்துச்சு. அதுக்கும் விசாரணை வைங்கய்யா!"

"கல்லுல எல்லைன்னு போட்டிருக்கு. எவ்வளவு உசரம் வரைக்கும் எல்லைன்னு போடலையே!" என்றான் ஃபானியாஸ். அத்தனை நாளாக இல்லாத சந்தோஷம் அவன் முகத்தில். ஒரு விவாதம் கிடைத்துவிட்டதே!

தெமோகாரெஸ் சிரிக்கவில்லை. மெதுவாகத்தான் பேசினான். "சதுக்கம்னா என்னங்கய்யா? மண்ணும் கல்லுமா? நாலு பேரு கூடி நின்னு பேசினா அதான் சதுக்கம். இவன் அங்க பேசுறான், அவங்க கேக்குறாங்க, சிரிக்கிறாங்க. அப்ப இவன் உள்ளதான் இருக்கான். என் அண்ணன் அங்க செத்துக் கிடந்தான். அவன் குரலு இனிமே அங்க கேக்காது. இவன் குரலு மட்டும் கேக்கணுமா?"

சொன்னது நியாயம் என்று எனக்கே பட்டது. மேற்பார்வைக்காரர் தாடியைச் சொறிந்தார். கடைசியில், "வழக்கு முடியுற வரைக்கும் நீ உள்ள பாத்துப் பேசக் கூடாதுப்பா. வெளிய பாத்து உக்காரு. அந்த மெகாராக்காரன்கிட்ட என்ன வேணா பேசிக்க. அவன்கிட்டப் பேசினா அது எங்க கணக்குல வராது" என்று தீர்த்துவைத்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

அன்றிலிருந்து அவன் சதுக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்தால் அவன் முகம் எதிரே யார்? நான். தினமும், காலை முதல் உச்சி வரை, என் கத்தரிக்கு நேர் எதிரே அந்த முகம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு மட்டுமல்ல, கையும் குறுகுறுத்தது. அந்த மாதத்தில் மூன்று பேர் காதில் ரத்தம் பார்த்தேன்.

அவனுக்குப் பதிலாக நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது.

"இப்ப யாரு கடையில?"

"மட்பாண்டக்காரன். முகர்ந்து பாக்குறான்."

"முகர்ந்து பாத்தா வாங்க மாட்டான். வேற? அந்தப் பக்கம் என்ன கூட்டம்?"

"யாரோ தூது வந்திருக்காங்க போல. பெரிய தொப்பி போட்டிருக்காங்க."

"எந்த ஊரு? தொப்பி எப்படி? சொல்லித் தொலையேன் பூண்டு!" மெகாராக்காரனைப் பூண்டு என்று அழைப்பது இங்கே வழக்கம், அன்பிருந்தாலும் இல்லாவிட்டாலும். அவன் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். கழுத்து நரம்பு புடைக்கும். திரும்பமாட்டான். திரும்பினால் போயிற்று என்று அவனுக்குத் தெரியும்.

அவன் மேல் இரக்கப்பட்டு அல்ல, எனக்கே பொறுக்காமல் நான் அவனுக்கு முடி வெட்டிவிட ஆரம்பித்தேன். கூரைக்கு வெளியே வந்து, வானத்தின் கீழ் நின்று. அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நேராகத் திருப்பும்போது கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பேன்.

ஒருநாள் அப்படி வெட்டும்போது கேட்டான். "தொப்பி என்ன நிறம்னு சொல்ற. எவன் முகர்ந்தான்னு சொல்ற. இங்க இருந்து எல்லாத்தையும் பாக்குற. அன்னிக்கு மட்டும் எப்படிப் பாக்காமப் போன?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நம் துரதிர்ஷ்டத்தைப் பார் என்பது போல, சிரித்துக்கொண்டு கேட்டான். நான், "தலைய ஆட்டாத, காது போயிரும்" என்றேன்.

இரண்டு விசாரணை முடிந்தது. அவன் பக்கம் சாட்சி என்று ஒருவரும் இல்லை. மீன் மணி அடித்ததா என்று கேட்டால் ஊரே சாட்சி. முடிச்சு யார் அவிழ்த்தது என்றால் எல்லோரும் மீனைத்தான் பார்த்திருந்தார்கள். மூன்றாவது விசாரணைக்கு முந்தின நாள் அவன் வழக்கத்துக்கு விரோதமாக அசையாமல் உட்கார்ந்திருந்தான். எனக்குப் பயமாகிவிட்டது.

"மெகாரா, உங்க ஊர்ல சதுக்கம் இருக்குல்ல?"

"எந்த ஊர்லதான் இல்ல?"

"பெருசா?"

"இதுல கால்வாசி இருக்கும். எதுக்கு?"

"தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே போயிரலாம்னு இருக்கேன். எப்படியும் நாடு கடத்தத்தான் போறாங்க. தெமோகாரெஸ் மன்னிக்கிற ஜாதி இல்ல. ஹெதீலி இங்க இருந்து கடையப் பாத்துப்பா. உன் சொந்தக்காரன் எவனாச்சும் இருந்தா ஒரு வார்த்த சொல்லி அனுப்பு." பிறகு குழந்தை மாதிரிக் கேட்டான். "அங்க கல்லுக்கு உள்ள என்ன விடுவாங்கல்ல?"

"விடுவாங்க."

"அது போதும்."

"போதாதுய்யா" என்றேன். ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "வாங்கலாம், விக்கலாம், சுத்தலாம். பேரவைல எந்திரிச்சு நின்னு ஒரு வார்த்த பேச முடியாது. நீ பேசினா அது எந்தக் கணக்குலயும் வராது. வெளியூர்க்காரன்னா அப்படித்தான்."

"நீ இருபது வருஷம் எப்படி இருந்த?"

"எங்கிட்ட கத்தரி இருக்கு."

அவன் சிரித்தான். பிறகு முகத்தை இரண்டு கையிலும் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அவன் முதுகுக்குப் பின்னால் சதுக்கம் நிறைந்திருந்தது. இருபது எட்டில் அவன் மனைவி கூவ வராத குரலில் கூவிக்கொண்டிருந்தாள்.

அன்று இரவெல்லாம் நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்க விட்டால் யோசித்து யோசித்தே தப்பித்துக்கொள்ளும் ஆள் நான். ஒரு தச்சனின் வலது கை நகங்களை வெட்டி முடித்திருந்தேன். இடது கையை நீட்டச் சொல்லிவிட்டு, கத்தியைக் கையில் வைத்தபடியே எழுந்து ஃபானியாஸைத் தாண்டி, கல்லைத் தாண்டி நடந்தேன். அரசரின் அலுவலகத்துக்குப் போய்த் தனியாகச் சொல்லியிருக்கலாம். தனியாகச் சொன்னால் சாயங்காலத்துக்குள் விழுங்கிவிடுவேன். நிறைந்த வேளையில் சதுக்கத்தில் சொன்ன சொல்லை எவனாலும் திரும்ப எடுக்க முடியாது. அதற்குத்தான் அங்கே போனேன்.

உப்புமீன் கடை முன்னால் ஒரு காலி ஜாடியின் மேல் ஏறி நின்றேன்.

"முடிச்ச அவுத்தது ஆர்கிப்போஸ்தான்! அவன் கையாலயே அவுத்தான்! இவன் தொடாதன்னு கத்தினான்! நான் பாத்தேன்!"

சரியாக அந்த நேரம் பார்த்து மீன் மணி அடித்தது. பாழாய்ப்போன மணி! பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். மீதிப் பேர் போதும் என்று மறுபடி கத்தினேன். மூன்றாம் முறையும் கத்தினேன். ஒரு கை நகம் மட்டும் வெட்டிய தச்சன் என் பின்னாலேயே வந்து வாயைப் பிளந்து நின்றான்.

தெமோகாரெஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். "பூண்டு திங்கிற நாயே! எவன்கிட்ட எவ்வளவு வாங்கின? நாளைக்கு உனக்கு யாரு பொறுப்பு நிக்கிறான்னு பாக்குறேன்!" அவன் அழுதுகொண்டே கத்தினான். அவனுக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் அவனும் இந்த மூன்று மாதத்தை வேறு மாதிரி கழித்திருப்பான்.

ஹெதீலி மீன் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தாள். "இத்தன நாளாவா அண்ணே?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் ஜாடியிலிருந்து இறங்கினேன். கல்லுக்கு அப்பால் ஃபானியாஸ் திரும்பி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தடையை மதித்து வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் விசாரணையில் சொன்னேன். நான்காம் மாதம், நகரத்துக்கு வெளியே, வானத்தின் கீழ் ஐம்பத்தொரு நீதிபதிகள் முன்னால் சத்தியம் செய்தும் சொன்னேன். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். பயம் என்றேன். ஃபானியாஸ் விடுதலையானான்.

அடுத்த நாள் காலை அவன் வந்தான். நான் முக்காலியைத் துடைத்து, புதுத் துணி விரித்துக் காத்திருந்தேன். அவன் சதுக்க வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டியில் கையை முக்கினான். கல்லைத் தாண்டினான். தலையைத் திருப்பாமல் நேராகப் போனான். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் எழுந்தது. "கருங்கடல் சூரை!" சதுக்கம் முழுக்கக் கைதட்டல் கேட்டது.

மூன்றாம் நாள் கடை வாசலில் வந்து நின்று, "வா" என்றான். எங்கே என்று கேட்கத் துணிவில்லை. வெளியூர்க்காரர்களைப் பதியும் அதிகாரியிடம் கூட்டிப்போனான். தெமோகாரெஸ் தன் பெயரை எடுத்துவிட்டிருந்தான். அந்த இடத்தில் ஃபானியாஸ் தன் பெயரைக் கொடுத்தான். இனி எனக்கு ஒன்றென்றால் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான்.

திரும்பும்போது, "எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைய்யா" என்றேன்.

"சட்டம். யாராச்சும் நிக்கணும். நின்னேன்." நாலு எட்டு நடந்தான். பிறகு நின்றான். அவன் கால் நிற்பதை அந்தச் சில மாதங்களில் இரண்டாம் முறையாகப் பார்த்தேன். "ரெண்டு கையாலயும் என் மூஞ்சியப் புடிச்சு வெச்சுக்கிட்டு வெட்டினியேய்யா."

அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை. முடியை வடக்கு மூலையில் எவனிடமோ வெட்டிக்கொள்கிறான். கேவலமாக வெட்டியிருக்கிறான் அந்தப் பாவி, பின்கழுத்து ஆடு மேய்ந்த மாதிரி இருக்கிறது. சதுக்கம் நிறைந்த வேளையில் அவன் குரல் என் கடைக்குள் வரும். குரல் வந்தால் ஆளும் வந்த மாதிரி என்று தெமோகாரெஸ் அன்று வாதாடினான். ஆள் வருவதில்லை. சுவரோரம் அந்த மீன் கூடை கவிழ்த்தபடியே இருக்கிறது. வாடிக்கைக்காரர் யாராவது அதில் உட்காரப் போனால் முக்காலியை அவர் பக்கம் தள்ளிவிடுகிறேன்.

எனக்கு எந்தத் தடையும் கிடையாது. எந்த அரசரும் என் பெயரை அறிவிக்கவில்லை. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் கல், அதற்குமேல் இருபது எட்டு. சூரை உப்புமீன் எனக்கு உயிர். தினமும் கிளம்புகிறேன். வெங்காயக் கடை வரை போய், வேண்டாத வெங்காயத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறேன்.